உபயம் என்று போடாதீர்கள்

வாடகைச் சூளையில் பீங்கான் இன்சுலேட்டர் அடுக்கும் கூலியாளாக இருந்து சொந்தச் சூளை கட்டியவன் நான். முதல் சூளை ஒரே மழையில் சாய்ந்தது. அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்றும் விருத்தாசலத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பிற்பாடு என்னிடமே வேலை கேட்டு வந்தார்கள். இரண்டாவது சூளையைக் கட்டினேன். விறகு கிடைக்காமல் போனபோது எண்ணெய்க்கு மாறினேன். எண்ணெய் கட்டுப்படியாகாமல் போனபோது கேஸுக்கு மாறினேன். ஆற்று வெள்ளம் ஷெட்டுக்குள் புகுந்து, காயப்போட்டிருந்த பொம்மைகள் எல்லாம் கரைந்து சேறாகி நின்ற வருஷம், அந்தச் சேற்றையே அள்ளி வடிகட்டி மறுபடி அச்சில் ஊற்றினேன். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். பையனை இன்ஜினியர் ஆக்கினேன். ஜங்ஷன் ரோட்டில் மாடி வைத்து வீடு கட்டினேன். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் செய்தது இதெல்லாம். என் கையெழுத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்த பேங்க் அதிகாரி, ரிட்டயர் ஆனதும் என் ஷெட்டில் வந்து கணக்கு எழுதினார்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சூளை நான் ஒருத்தன் கையால் நின்றதில்லை. கொத்தனார் இருந்தார், கடன் கொடுத்தவர் இருந்தார், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண் மிதித்த என் வீட்டுக்காரி இருந்தாள். யாராவது வந்து "இதில் எனக்கும் பங்கு உண்டு" என்றால் மறுக்க முடியாது. யாருடைய கையும் படாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், என் மண்டையில் மட்டும் முளைத்த பொருள் இந்த வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துச் சுவரில் வேறொருத்தர் பேரில் கல்வெட்டாகப் பதித்துவிட்டார்கள். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், என் பேரைப் போட்டு "ஓடுகள் உபயம்" என்று எழுதியிருக்கிறார்கள்.

உபயம் என்பது என்ன? கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு இருக்குமே, அது. பஸ் நிழற்குடையில், தண்ணீர்த் தொட்டியில், கல்யாண மண்டப ஃபேனில் இருக்குமே, அது. பணம் இருக்கிற எவனும் உபயம் செய்யலாம். நான் கொடுத்தது ஓடு மட்டும் இல்லை என்பதுதான் என் வழக்கு.

என்ன கொடுத்தேன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கூலியாளாக இருந்த காலத்தில் எங்கள் மேஸ்திரிக்கு ஒரு பிடிவாதம். கரண்ட் கம்பத்துக்குப் போகிற வெள்ளை இன்சுலேட்டர்களைச் சூளைத் தட்டில் அடுக்கும்போது, எப்போது நிறுத்தச் சொன்னாலும் அடுக்கு சதுரமாக நிற்க வேண்டும். நீளமாகப் போனால் ஒரு ஓரம் வெந்து மறு ஓரம் வேகாமல் நின்றுவிடும் என்பார். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் சொன்னால் சொன்னதுதான். மற்றவர்கள் வரிசை வரிசையாக அடுக்கிவிட்டு, அவர் வரும் சத்தம் கேட்டதும் கலைத்துக் கலைத்து அடுக்குவார்கள். நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்யவில்லை.

தட்டின் ஒரு மூலையில் ஒன்றை வைப்பேன். அதற்கு வலப்பக்கம் ஒன்று, முன்னால் ஒன்று, இரண்டும் சேரும் மூலையில் ஒன்று. நாலு ஆயிற்றா? சதுரம். அடுத்து வலப்பக்கம் இரண்டு, முன்னால் இரண்டு, மூலையில் ஒன்று. ஒன்பது. அதுவும் சதுரம். கொத்தனார் வைத்திருக்கும் மூலைமட்டம் மாதிரி வளைந்த ஒரு வரிசையை இரண்டு பக்கமும் சேர்த்துக்கொண்டே போனால், எந்த வரிசையில் நிறுத்தினாலும் சதுரம்தான். அதற்கு மூலைமட்ட வரிசை என்று நானே பேர் வைத்தேன். முதலில் ஒன்று, அடுத்த வரிசைக்கு மூன்று, அடுத்து ஐந்து, ஏழு, ஒன்பது. இரண்டிரண்டாக ஏறும். ஏன் ஏறுகிறது என்று கேட்காதீர்கள். பக்கம் இரண்டு, அதனால் இரண்டு ஏறுகிறது. இதில் என்ன மர்மம்?

அப்புறம் ஒருநாள் தலைகீழாக யோசித்தேன். குவியலில் முப்பத்தாறு இருக்கிறது என்றால், ஒரு பக்கத்துக்கு எத்தனை நிற்கும்? அடுக்கிப் பார்க்க வேண்டியதே இல்லை. முப்பத்தாறில் ஒன்றை எடு. மூன்றை எடு. ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று. தீர்ந்தது. ஆறு தடவை எடுத்தேன், பக்கத்துக்கு ஆறு. நாற்பது இருந்தால் ஆறு தடவை எடுத்த பிறகு நாலு மிச்சம் நிற்கும். அடுத்த வரிசைக்குப் பதின்மூன்று வேண்டும், போதாது, ஆகவே ஆறோடு நிறுத்து. பெரிய குவியலுக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கவும் தேவையில்லை. பக்கத்துக்கு இருபது என்றால் நானூறு என்பது எனக்குத் தெரியும். நானூறு போக மிச்சத்தில், நாற்பத்தொன்றிலிருந்து எடுக்க ஆரம்பிப்பேன்.

இதற்குப் பேர் பக்கம் எடுப்பது என்றுதான் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இதற்கு வர்க்கமூலம் என்று பேர் என்பது எனக்குத் தெரியாது. வர்க்கமூலம் வந்த வகுப்புக்கு நான் போகவில்லை. அப்போது மண் சுமந்துகொண்டிருந்தேன்.

இனி என் சம்மந்தியைப் பற்றி. என் பையனுக்குப் பெண் கொடுத்தவர். கம்மாபுரம் பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போய், கிடைத்ததை வைத்து இங்கே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கணக்கு வாத்தியார், இப்போது ரிட்டயர்டு. மூன்று சொல்லுக்கு ஒரு சொல் "அதாவது" என்பார். ஒரு விஷயத்தை நாம் சொன்னதும், "அதாவது" என்று ஆரம்பித்து அதையே திருப்பிச் சொல்லி, தான் சொன்னதுபோல ஆக்கிக்கொள்வார். கல்யாணப் பேச்சிலேயே இதைக் கவனித்தேன். பெண் நல்ல பெண் என்பதால் விட்டுவிட்டேன்.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஆலோசகர். மழை பெய்தால் அங்கே முற்றத்தில் தண்ணீர் நிற்கும். தலைமையாசிரியை அம்மாவும் சம்மந்தியுமாக ஒருநாள் ஷெட்டுக்கு வந்தார்கள். தரைக்கு ஓடு வேண்டும் என்றார்கள். பத்து அங்குல ஓடு, அடுத்த சூளையில் போட்டால் உடைசல் போக ஐநூற்றுச் சொச்சம் தேறும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சொச்சம் எவ்வளவு என்றார் சம்மந்தி. ஐநூற்று எழுபது, எண்பது என்றேன். உடனே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கல்யாணப் பத்திரிகை ஒன்றின் முதுகில் எண்ணை எழுதி, வலப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டாகப் பிரித்து, மேலே புள்ளி வைத்து, ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"வரிசைக்கு இருபத்தி நாலு நிக்கும். ஐநூத்தி எழுபத்தாறு ஓடு. இருபது அடிச் சதுரம்" என்றேன்.

அவர் பேனா நிற்கவில்லை. முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "சரிதான். இருபத்தி நாலு. வாய்ப்பாடு மனப்பாடமா சம்மந்தி?"

"மனப்பாடம் பண்றது உங்க ஆளுங்க வேலை. நான் அடுக்குறவன்."

"அதாவது அனுபவத்துல வந்திருக்குது" என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். அனுபவமாம். நாய்க்கும்தான் அனுபவம் உண்டு.

கொத்தனார் பள்ளிக்கூடத்தில் இருபது அடிச் சதுரத்துக்கு விளிம்புச் சுவர் கட்டிவிட்டார். நான் ஓடு போட்டேன். வழக்கமாக வரும் வெள்ளை மண் அந்தச் சமயம் வரவில்லை. வேறு இடத்து மண்ணைக் கலந்தேன். பீங்கான் மண் சூளையில் வேகும்போது சுருங்கும், அது இந்த ஊரில் தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். அதற்குத்தக்கபடி அச்சைப் பெரிதாக வைத்துத்தான் ஓடு போடுவோம். புது மண் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கிவிட்டது. ஓட்டுக்கு அரை அங்குலம்கூட இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால் எவனுக்கும் தெரியாது. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இருபத்து நாலு ஓட்டிலும் அந்த அரை அங்குலம் குறைந்தால் என்ன ஆகும்? தண்ணீர்க் குழாய் இருக்கும் மூலையிலிருந்து பதித்துக்கொண்டு வந்தார்கள். கடைசி ஓட்டையும் வைத்த பிறகு, எதிர்ப்பக்கம் இரண்டிலும் விளிம்புச் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே மண் தரை பல்லைக் காட்டியது. நான் போய்ச் சேர்ந்தபோது சம்மந்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பேரன் பிறந்தபோதுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

"வாங்க சம்மந்தி. தொழில்ல பழம் தின்னு கொட்ட போட்டவருன்னு சொன்னாங்க. ஓடு சுருங்கிப்போச்சிங்களே?"

"மண்ணு சுருங்குனுது. நான் சுருங்கல."

"அதாவது அளவு தப்புன்னு சொல்லமாட்டீங்க?"

"சொவுத்த யாரு கட்டச் சொன்னாங்க மொதல்ல? ஓடு வந்தப்புறம் சொவுத்த கட்டணும். ஆக்கறதுக்கு முன்ன எலைய போட்டுட்டு, எல பெருசா இருக்குதுன்றீங்க."

கொத்தனாருக்கு எங்கள் இருவரையும் பார்க்கப் பயம். "ஐயா, சிமிட்டி போட்டு மூடிடட்டுங்களா?" என்றார்.

அப்போதுதான் இடைவெளியைச் சரியாகப் பார்த்தேன். ஒரு ஓட்டைக் கொண்டுவரச் சொல்லி அதில் வைத்தேன். அளந்து செய்ததுபோல உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் அப்படியே. ஒரு மூலைமட்ட வரிசைக்கு இடம். என் வாழ்நாள் எல்லாம் சூளைத் தட்டில் பார்த்த வளைவு, தரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"சிமிட்டி வேணாம். இன்னும் நாப்பத்தொம்போது ஓடு. அனுப்பறேன்" என்றேன்.

கொத்தனார் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். சம்மந்தி அவரை நிறுத்தினார்.

"எப்படி நாப்பத்தொம்போது? உடனே சொல்லிட்டீங்க?"

"இந்தப் பக்கம் இருபத்தி நாலு. அந்தப் பக்கம் இருபத்தி நாலு. மூலைக்கு ஒண்ணு."

"சரி. அதாவது இருபத்தஞ்சோட வர்க்கம்..."

"வர்க்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. இப்படி ஒவ்வொரு வரிசையா எடுத்துக்கினே போனா, எத்தினி தடவை எடுத்தமோ அதான் பக்கம். எந்த எண்ணுக்கும் எடுப்பேன்."

அவர் அப்படியே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். தரையில் விரலால் ஒன்று, மூன்று, ஐந்து என்று எழுதினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. தெருவில் கிடந்த பொருளைப் பார்க்கிறவன், யாரும் கவனிக்கிறார்களா என்று பார்ப்பானே, அந்தப் பார்வை.

"யாரு சொல்லிக்குடுத்தாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. அடுக்கும்போது வந்துது."

"இது பேருதான் வர்க்கமூலம், சம்மந்தி."

"அது உங்க பேரு. எங்க பேரு பக்கம் எடுக்கறது."

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். தோற்றுவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். உடனே ஒரு கல்லை எறிந்தார். "எந்த எண்ணுக்கும் எடுப்பேன்னீங்களே. ரெண்டுக்கு எடுங்க பாப்போம்."

ரெண்டு. ஒன்றை எடுத்தேன். ஒன்று மிச்சம். அடுத்த வரிசைக்கு மூன்று வேண்டும். நின்றுவிட்டேன். கொத்தனார், சித்தாள், பள்ளிக்கூடத்து ஆயா எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு. மிச்சம் ஒண்ணு" என்றேன்.

"அவ்ளோதானா?" என்று சிரித்தார். சித்தாளும் சிரித்தாள். அவளுக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாது. இருந்தாலும் சிரித்தாள்.

மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது வழி கிடைத்தது. ஒரு ஓட்டை ஓடாகப் பார்க்கக் கூடாது. குறுக்கே பத்து, நெடுக்கே பத்து என்று கோடு போட்டால் அதற்குள் நூறு சின்ன ஓடு. ரெண்டு ஓடு என்றால் இருநூறு சின்ன ஓடு. இருநூறுக்குப் பக்கம் எடுத்தால் பதினாலு, மிச்சம் நாலு. பத்துச் சின்ன ஓடு சேர்ந்தது ஒரு ஓட்டின் பக்கம். ஆக ரெண்டுக்குப் பக்கம் ஒன்றும், பத்தில் நாலும், இன்னும் துளியும். டம்ளரைக் கீழே வைக்காமல் போன் போட்டேன்.

"ஒண்ணு புள்ளி நாலு. மிச்சம் கொஞ்சம் இருக்குது" என்றேன்.

"ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணு நாலு ரெண்டு... அது போயிக்கினே இருக்கும் சம்மந்தி. முடிவே கெடையாது. நீங்க நாலுலயே நின்னுட்டீங்க."

"முடியாதத எதுக்குய்யா கேட்டீங்க?"

 பேத்தியை ஸ்கூலுக்கு விட வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.

நாற்பத்தொன்பது ஓட்டுக்கு என்னிடம் வெள்ளை இல்லை. அதே மண்ணில், அதே சூளையில், புதுச்சேரி ஓட்டல்காரர் ஒருவருக்காகப் போட்ட நீல ஓடு இருந்தது. அவருக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று அதிலிருந்து எடுத்து அனுப்பினேன். வெள்ளைத் தரையின் இரண்டு ஓரத்திலும் நீல மூலைமட்டம் பளிச்சென்று வந்து உட்கார்ந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு சம்மந்தி செய்தது ஒன்றுதான்: பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து, ஒவ்வொரு வரிசையின் மூலை ஓட்டிலும் எண் எழுதினார். குழாய்ப் பக்கத்து ஓட்டில் ஒன்று, அடுத்த மூலையில் மூன்று, அடுத்து ஐந்து, கடைசி நீல மூலையில் நாற்பத்தொன்பது. பிள்ளைகள் ஒன்றிலிருந்து மூலை மூலையாகத் தாவ வேண்டும், எத்தனையாவது மூலையில் நிற்கிறார்களோ அதுதான் அதுவரைக்கும் உள்ள ஓட்டின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம். எழுத்து நல்ல எழுத்து. அதை நான் மறுக்கவில்லை.

திறப்பு விழாவுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனேன். பையன், மருமகள், வீட்டுக்காரி எல்லாரும் வந்தார்கள். முன்வரிசை நாற்காலி. துணியை இழுத்தார்கள். கல்வெட்டில் மேலே "வர்க்கமூல முற்றம்". அதற்கு அடியில் "கருத்தும் ஆக்கமும்" என்று போட்டு, சம்மந்தி பேர், அவர் பேருக்குப் பின்னால் அவர் படித்த படிப்பெல்லாம். எல்லாவற்றுக்கும் கீழே, விளிம்பை ஒட்டி, ஓடுகள் உபயம், நான். கை தட்டினார்கள். நானும் இரண்டு தடவை தட்டியிருப்பேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

பொன்னாடையோடு வந்தவர் சம்மந்தியேதான். விரித்துக்கொண்டு வந்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"கருத்து யாருது?"

"அப்புறம் பேசலாம் சம்மந்தி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கருத்து யாருதுன்னு கேட்டேன்."

பொன்னாடை அவர் கையிலேயே தொங்கியது. தலைமையாசிரியை ஓடிவந்து எங்களைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேஜைமேல் மிக்சரும் ஸ்வீட்டும் வைத்திருந்தார்கள். நான் தொடவில்லை.

"சார், உபயம்னு போட்டிருக்கோமே சார். பொருள் குடுத்த மத்தவங்க யாரு பேரும் போடல. உங்க பேரு மட்டுந்தான்" என்றார் அந்த அம்மா.

"ஏம்மா, நான் வெறும் ஓடு யாவாரியா? வழி சொன்னவன் நானு."

சம்மந்தி தொண்டையைக் கனைத்தார். "சம்மந்தி, கோவப்படாம கேளுங்க. ஒத்தப்படை எண்ணக் கழிச்சி வர்க்கமூலம் எடுக்கறது ரொம்பப் பழசு. எட்டாங்கிளாஸ் புள்ளைக்கே தெரியும். அதாவது, நீங்க கண்டுபிடிச்சதுன்னு போட்டா, படிச்சவன் எவனாவது வந்து சிரிப்பான். உங்கள பாத்து இல்ல, என்ன பாத்துச் சிரிப்பான்."

அது பழசு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.  ஆனால் நான் விழுகிற ஆள் இல்லை.

"பழசுன்னா, அதுக்கு உங்க பேரு எப்படி வந்துது?"

"அது... முற்றத்தோட கருத்து. அதாவது, தரையில அத காட்டலாம்ன்ற கருத்து."

"தரையில அந்த வரிசைய வெச்சது யாரு?"

"ஓடு சுருங்கினதால வந்த வரிசை அது. நீங்க தப்புப் பண்ணீங்க. தப்ப பாடமா ஆக்குனது நானு."

சொல்லிவிட்டு ஒரு மிக்சர் கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இருபது அடித் தரையையும் அவர் அந்தக் கடலையோடு சேர்த்து மென்றார். தலைமையாசிரியை ஃபேன் ஸ்பீடைக் கூட்டினார். நான் எழுந்து வந்துவிட்டேன். வாசலில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மருமகள் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மாமா, அப்பா சொன்னத மனசுல வெச்சிக்காதீங்க மாமா."

"உங்கப்பாவ நான் மனசுல வெக்கல. சொவுத்துல வெச்சிருக்காங்க, அதான் கஷ்டம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "தோ பாருங்க, பொண்ணு குடுத்த வூட்டோட ஒரு கல்லுக்காகச் சண்ட போடுவாங்களா? ஊருல கேட்டா காறித் துப்புவாங்க."

"சூளையில நீ மண்ணு மிதிச்ச. யாராச்சும் மிதிக்கலன்னு சொன்னா விடுவியா?"

"நான் மிதிச்சதுக்கு எங்க கல்லு வெச்சிருக்கீங்க நீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் வழக்கு வேறு. அதை அவள் எழுதிக்கொள்ளட்டும். நான் என் வழக்கைப் பேசுகிறேன்.

பையன் சமாதானம் பேசப் போனான். இன்ஜினியர் அல்லவா, கல்லை மாற்றி வாங்கிக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். வந்தது ஒரு போட்டோ. கல்வெட்டின் கடைசி வரிமேல் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். "ஓடுகள் உபயம்" அப்படியே இருந்தது. என் பேருக்கு முன்னால் "தொழிலதிபர்" சேர்ந்திருந்தது. எழுத்தும் கொஞ்சம் பெரிசு.

"பாருங்கப்பா, உங்க பேருதான் இப்ப பெருசா தெரியுது. விடுங்கப்பா."

"பேரு பெருசு ஆகறதுக்கா கேட்டேன்? நான் என்னா எலெக்‌ஷன்லயா நிக்கறேன்?" என்று கேட்டேன். அவன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான்.

அதோடு சம்மந்தி வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன். அவரும் வருவதில்லை. ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் பேரனுக்கு மொட்டை போட்டபோது, ஒரே பஸ்ஸில் அவர் முன் சீட்டு, நான் பின் சீட்டு. வழியெல்லாம் பிள்ளை அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தான்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன மழைக்கு அப்புறம் அந்தப் பக்கம் போனவன், தண்ணீர் நிற்கிறதா பார்க்கலாம் என்று பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். தண்ணீர் நிற்கவில்லை. என் ஓட்டில் நிற்காது. பிள்ளைகள் மூலை மூலையாகத் தாவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மூலைக்கும் சத்தமாக எண்ணிக்கொண்டு, நீல மூலையில் குதித்ததும் "இருபத்தஞ்சு" என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் கேட்க நன்றாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சூளைத் தட்டில் சத்தம் இல்லாமல் நான் ஒருத்தனாக எண்ணியதை ஒரு கூட்டமே கத்திக்கொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

பள்ளிக்கூடத்து ஆயா துடைப்பத்தோடு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயா, நீங்கதான ஓடு குடுத்தவரு?"

கல்வெட்டுப் பக்கம் பார்த்தேன்.

"அந்தா அந்த மூலையில ஒண்ணு ஆடுது பாருங்க. புள்ளைங்க கால்ல கிழிச்சிரப்போவுது. வேற ஒண்ணு குடுத்தனுப்புங்க. வெள்ள தீந்துட்டா நீலமே குடுங்க, பரவால்ல."

அவள்மேல் கோபம் இல்லை. கல்லில் எழுதியிருப்பதைத்தான் அவள் சொன்னாள். ரெண்டுக்குப் பக்கம் எடுக்கச் சொல்லி என்னைப் பார்த்து அவர் சிரித்த அன்றைக்கும் அவள் அங்கேதான் நின்றாள். வழி சொன்னவன் நான் என்பதைக் காதால் கேட்டவள். கேட்டவளுக்கே மறந்துபோயிற்று, கல்லுக்கு மறக்காது. நாளைக்கு நான் போன பிறகு, ஆடுகிற ஓட்டுக்கெல்லாம் என் பையன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கணக்குக்கு அவர் வீட்டுக்கு மாலையோடு போவார்கள்.

மறுநாளே ஒரு வெள்ளை ஓடு அனுப்பினேன். கொத்தனாரையும் அனுப்பினேன். ஓட்டில் என்னைக் குறை சொல்ல விடமாட்டேன்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இது பழசு என்று சம்மந்தி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் கண்டிருக்கலாம். அவர்களில் ஒருவர்கூட என் சூளைத் தட்டுப் பக்கம் வந்து என்னிடம் சொல்லவில்லை. நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. அவர் எடுத்தது என் வாயிலிருந்து. புத்தகத்தில் இருந்தது அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்திருந்தால், எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தத் தரையில் இதற்கு முன்னால் காட்டினார்? நான் நாற்பத்தொன்பது என்று சொன்ன பிறகுதானே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்?

தலைமையாசிரியை அம்மாவுக்கும், பள்ளிக்கூடத்துக் கமிட்டிக்கும், இதைப் படித்தால் படிக்கட்டும், என் சம்மந்திக்கும் சொல்கிறேன். ஸ்டிக்கரைக் கிழித்துப் போடுங்கள். தொழிலதிபர் வேண்டாம். உபயம் என்ற வரியையே செதுக்கி எடுத்துவிடுங்கள். ஓட்டுக்கு எனக்குப் பேரும் வேண்டாம், நன்றியும் வேண்டாம். எண் எழுதியவர் என்று சம்மந்தி பேர் இருக்கட்டும், அவர் படிப்பெல்லாம் சேர்ந்தே இருக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பேருக்கு மேலே, பிள்ளைகள் தாவிக்கொண்டே படிக்கிற அளவு எழுத்தில், மூலைமட்ட வரிசையில் பக்கம் எடுக்கும் வழியைச் சொன்னவர் என்று போட்டு, என் பேரைப் போடுங்கள். கல் நான் தருகிறேன். அதற்கும் உபயம் என்று போடாதீர்கள்.